டிஸ்க் நிறைய இன்னும் எத்தனை நாள்?

2023 ஆகஸ்ட் 29ஆம் தேதி, ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் உற்பத்தியை நிறுத்தின. சைபர் தாக்குதலாக இருக்குமோ என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். சில நாள் கழித்து நிறுவனமே காரணத்தைச் சொன்னது. 27ஆம் தேதி நடந்த வழக்கமான பராமரிப்பில், டேட்டாபேஸில் சேர்ந்திருந்த தரவை நீக்கி ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். அப்போது டிஸ்க்கில் இடம் போதாமல் பிழை வந்து, உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்கள் நின்றுவிட்டன. மாற்று சர்வர்களும் அதே சிஸ்டத்தில் ஓடியதால் அவற்றிலும் அதே கோளாறு. கூடுதல் கொள்ளளவுள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகே, மறுநாள் வேலை தொடங்கியது.

சுத்தம் செய்துகொண்டிருந்தபோதுதான் இடம் தீர்ந்தது என்பதைக் கவனியுங்கள். தரவை அழிக்கவும் இடம் வேண்டும். டேபிளிலிருந்து நீக்கும் ஒவ்வொரு வரிசையும் (row) முதலில் டிரான்ஸாக்‌ஷன் லாகில், அதாவது மாற்றங்களின் பதிவேட்டில், எழுதப்படும். டேபிளைச் சுருக்க வேண்டுமென்றால் பழைய டேபிள் இருக்கும்போதே பக்கத்தில் புதிய பிரதி உருவாகும். டிஸ்க் நிறைந்த பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் அழிக்கவே வழி இருக்காது. இடம் எப்போது தீரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது அதனால்தான் அவ்வளவு முக்கியம்.

சிறிய, நடுத்தர நிறுவனங்களின் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். புதிதாக ஓர் இடத்துக்குப் போனால் முதலில் கேட்பது, 'டிஸ்க் எப்போது நிறையும்?' என்பதுதான். பெரும்பாலும் 'எழுபது சதவீதம் ஆகியிருக்கு சார், தொண்ணூறு தாண்டினா அலர்ட் வரும்' என்று பதில் வரும். நான் கேட்டது நாள் கணக்கு, கிடைப்பது சதவீதக் கணக்கு.

500 ஜிபி டிஸ்க்கில் தொண்ணூறு சதவீதம் நிறைந்தால் மிச்சம் 50 ஜிபி. தினம் 200 எம்பி வளரும் டேட்டாபேஸுக்கு அது 250 நாள். தினம் 2 ஜிபி வளர்ந்தால் 25 நாள். தினம் 25 ஜிபி வந்து விழும் இடத்தில் இரண்டே நாள். அலர்ட் மூன்று இடத்திலும் ஒரே மாதிரிதான் அடிக்கும். முதல் இடத்தில் அது தேவையற்ற பதற்றம், மூன்றாவது இடத்தில் ரொம்பத் தாமதம்.

சரி, எத்தனை நாள் முன்னால் தெரிந்தால் போதும்? அது உங்கள் அலுவலகத்தைப் பொறுத்தது. சொந்த சர்வர் என்றால் கொட்டேஷன் வாங்கி, மேலிடத்து ஒப்புதல் பெற்று, டிஸ்க் வந்து சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பார்த்து மாட்டும்வரை எத்தனை நாள் ஆகும்? அதை இரட்டிப்பாக்கி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள நாள் அந்த எண்ணைவிடக் குறைந்தால் அலர்ட் வரட்டும். கிளவுடில் டிஸ்க்கைப் பெரிதாக்க நிமிடங்கள் போதும் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான கிளவுட் டிஸ்க்குகளை அதே இடத்தில் சுருக்க முடியாது. எதற்கும் இருக்கட்டும் என்று 2 டிபி வாங்கிவிட்டு 400 ஜிபி பயன்படுத்துபவர்கள், மாதாமாதம் வெற்றிடத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கணிப்பதற்கு முதலில் பழைய கணக்கு வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு டேபிளின் அளவையும், அதன் இண்டெக்ஸ்களின் (தேடலை வேகமாக்கும் பட்டியல்கள்) அளவையும், உத்தேச வரிசை எண்ணிக்கையையும் ஒரு சின்ன டேபிளில் எழுதிவைக்க, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை ஒன்றைப் போடுங்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களிலும் இதற்கான விவரம் தயாராகவே கிடைக்கிறது, டேட்டாபேஸிடம் கேட்கும் ஒற்றை குவெரி போதும். மொத்த அளவை மட்டும் குறித்தால் எது வளர்கிறது என்று தெரியாது. டேபிள்வாரியாக எழுதுவதுதான் முக்கியம்.

'எங்களிடம் பழைய கணக்கே இல்லையே' என்பார்கள். பெரும்பாலும் இருக்கிறது. எந்த வரிசை எந்தத் தேதியில் உருவானது என்று டேபிளிலேயே ஒரு பத்தி (column) இருக்குமே? அதை மாதவாரியாக எண்ணினால் இரண்டு மூன்று வருட வளர்ச்சி ஒரே குவெரியில் வந்துவிடும். சராசரி வரிசை அளவால் பெருக்கினால் ஜிபி கணக்கு. பழையதை அவ்வப்போது நீக்கிவரும் டேபிளில் மட்டும் இது ஏமாற்றும்.

இந்த வருடக்கணக்கு கையில் இல்லாமல் கடைசி மூன்று மாதத்தை மட்டும் பார்த்து நேர்கோடு போடுவது ஆபத்து. ஜவுளிக்கடையின் பில்லிங் சாஃப்ட்வேரில் பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை தெரியும் போக்கில் ஆடித் தள்ளுபடியும் இல்லை, தீபாவளியும் இல்லை. பள்ளி, கல்லூரி என்றால் ஜூன் மாதம் தனி. கணக்கு சாஃப்ட்வேர் என்றால் மார்ச் கடைசி. ப்ரோமீத்தியஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருளில், அண்மைப் போக்கை நேர்கோடாக நீட்டி எதிர்கால அளவைச் சொல்லும் வசதி இருக்கிறது. அடுத்த சில மணி நேரம், சில நாளுக்கு அது நல்ல துணை. அடுத்த வருட பட்ஜெட்டை அதை வைத்துப் போடக்கூடாது.

அப்புறம், எந்தக் கணிதத்தையும்விட எனக்கு அதிகம் உதவுவது ஒரு வேலை: வியாபாரத்தில் நடக்கும் ஒரே ஒரு நிகழ்வை எடுத்து, அது டேட்டாபேஸில் எவ்வளவு எழுதுகிறது என்று பிரித்துப் பார்ப்பது. ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் டேபிளில் அதற்கு ஒரு வரிசை, 300 பைட் என்று வையுங்கள். பணம் வந்தது, பேக் ஆனது, கிளம்பியது, சேர்ந்தது என்பதுபோல ஆறு முறை அதன் நிலை மாறுகிறது. ஒவ்வொரு முறையும், மாற்றங்களைப் பதிவுசெய்யும் ஆடிட் டேபிளில் மாற்றத்துக்கு முந்தைய முழு வரிசையும் பிந்தைய முழு வரிசையும் பதிவாகின்றன. ஆறு தடவை 600 பைட், ஆக 3,600. மூல ஆர்டரைப்போல பன்னிரண்டு மடங்கு! இதன் மேல் இண்டெக்ஸ்கள் வேறு. ஆர்டர் டேபிளை மட்டும் பார்த்து இடத்தைக் கணக்கிட்டவர் எங்கே போய் நிற்பார்?

இப்படி ஒரு ஆர்டருக்கு மொத்தம் இவ்வளவு கேபி என்று தெரிந்துவிட்டால், மீதியை விற்பனைப் பிரிவிடம் கேட்கலாம். அடுத்த ஆறு மாதத்தில் எத்தனை ஆர்டர் எதிர்பார்க்கிறீர்கள்? புதுக் கிளை திறக்கிறீர்களா? டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போட்டோ சேர்க்கப்போகிறீர்களா? அந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். 300 பைட் வரிசைக்குப் பக்கத்தில் 300 கேபி படம் வந்து உட்கார்ந்தால் பழைய வரைபடத்துக்கு அர்த்தமே இல்லை. அதை பேஸ்64 எழுத்தாக மாற்றி டேபிளுக்குள் வைத்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும். படத்தைக் கோப்புக் கிடங்கில் வைத்து, முகவரியை மட்டும் டேபிளில் வையுங்கள்.

வளர்ச்சி எங்கே நிற்கும் என்பதும் கணிப்பில் பாதி. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி சிஸ்டம் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு வேறு கட்டாயம் இல்லையென்றால், பழையதை நீக்கிவரும் அந்த லாக் டேபிள் 180 நாள்வரை வளர்ந்து பிறகு சமமாகிவிடும், நேர்கோடு போட்டால் தப்பாக வரும். கணக்குப் புத்தகங்கள் அப்படியல்ல. கம்பெனிகள் சட்டத்தின் 128ஆம் பிரிவு எட்டு நிதியாண்டு வைத்திருக்கச் சொல்கிறது. அதோடு 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைத்துவைக்க முடியாது. ஆடிட் டேபிள் வேகமாக வளர்வதற்கு இப்போது சட்டமே ஒரு காரணம். டேபிளுக்கு டேபிள் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று நிர்வாகத்திடமும் ஆடிட்டரிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதை டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) தானாக முடிவுசெய்யக்கூடாது.

நீக்கவேண்டியதை எப்படி நீக்குவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போஸ்ட்கிரெஸில் டெலிட் போட்டால் டிஸ்க்கில் இடம் திரும்பி வராது. வரிசைகள் செத்தவையாகக் குறிக்கப்படும், வேக்கும் (vacuum) என்ற சுத்தம் செய்யும் வேலை ஓடிய பிறகு அந்த இடம் அதே டேபிளுக்கு மறுபடி பயன்படும், அவ்வளவுதான். அதைத் தானாக ஓட்டும் ஆட்டோவேக்கும் கூட, வழக்கமான அமைப்பில், டேபிளின் ஐந்தில் ஒரு பங்கு செத்த பிறகே கிளம்பும். பத்து கோடி வரிசை டேபிளில் அது இரண்டு கோடி. கோப்பைச் சுருக்க வேக்கும் ஃபுல் போட வேண்டும், அது டேபிளையே பூட்டிவிட்டுப் புதுப் பிரதி எழுதும். மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியிலும் ஆப்டிமைஸ் டேபிள் கட்டளை டேபிளைத் திரும்பக் கட்டித்தான் இடத்தை மீட்கிறது. உங்கள் மிகப் பெரிய டேபிள் 120 ஜிபி என்றால், குறைந்தது அவ்வளவு காலி இடம் எப்போதும் இருந்தால்தான் அந்த வேலையைத் தைரியமாகத் தொடலாம்.

பெரிய டெலிட் ஒன்று நடந்த பிறகு வரைபடத்தில் ஒரு விசித்திரம் தெரியும். கோப்பு அளவு மாதக்கணக்கில் அசையாது. வளர்ச்சி நின்றுவிட்டது என்று ஆறுதல் வரும். உண்மையில் புது வரிசைகள் உள்ளே உள்ள ஓட்டைகளை நிரப்பிக்கொண்டிருக்கும். நிரம்பியதும் கோடு பழைய வேகத்தில் ஏறத் தொடங்கும். அதனால்தான் கோப்பு அளவோடு வரிசை எண்ணிக்கையையும் குறிக்கச் சொன்னேன், அது பொய் சொல்லாது. லாக், ஆடிட் போன்ற டேபிள்களை ஆரம்பத்திலேயே மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்துவிட்டால், அதாவது துண்டுதுண்டாகப் பிரித்துவிட்டால், இந்தத் தொல்லையே இல்லை. கெடு முடிந்த மாதத்தின் பார்ட்டிஷனை டிராப் செய்தால் இடம் உடனே கைக்கு வரும். போஸ்ட்கிரெஸில் 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்தே இது எளிது.

எந்தக் கணிப்புக்கும் சிக்காத வளர்ச்சியும் உண்டு. மெயின் சர்வரின் நகலான ரெப்ளிகா சர்வர் ஒன்று இறந்துபோய், அது எதுவரை வாங்கியது என்று குறித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் மட்டும் மெயின் சர்வரில் இருந்தால், அது திரும்பி வந்து வாங்கிக்கொள்ளும் என்று வால் (WAL) எனப்படும் மாற்றப் பதிவேட்டுக் கோப்புகளை போஸ்ட்கிரெஸ் சேர்த்துவைத்துக்கொண்டே போகும். நேற்றுவரை 2 ஜிபி இருந்த இடம் வாரக்கடைசியில் 200 ஜிபி ஆகலாம். 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு உச்சவரம்பு வைக்க முடியும், ஆனால் நாமாக வைக்காதவரை வரம்பு கிடையாது. இன்றே பார்த்துவிடுங்கள். மைஎஸ்க்யூஎல் 8இல் மாற்றங்களைப் பதியும் பைனரி லாக் 30 நாள் தங்குவது இயல்பான அமைப்பு. பரபரப்பான சர்வரில் அதுவே டேட்டாபேஸைவிடப் பெரிதாகிவிடும்.

இடம் இருந்தும் எழுத முடியாமல் போவதும் நடக்கிறது. 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மை இணையச் சேவை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் படிக்க மட்டுமே முடியும் நிலைக்குப் போனது. ஒரு டேபிளின் வரிசை எண் சாதாரண இன்டிஜர் (முழு எண்) வகை, அது அந்த வகையின் உச்சமான 2,147,483,647ஐத் தொட்டுவிட்டது. தினம் 20 லட்சம் வரிசை சேரும் டேபிள் மூன்று வருடத்துக்குள் அங்கே போய்விடும். டிஸ்க்குக்குப் போடும் அதே 'இன்னும் எத்தனை நாள்' கணக்கை வரிசை எண்ணுக்கும் போடுங்கள். அதே தினசரி டேபிளில் இன்னொரு பத்தி, வேறு செலவில்லை.

மாதம் ஒருமுறை, போன மாதம் கணித்த அளவையும் உண்மையில் ஆன அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த டேபிளில் வித்தியாசம் அதிகமோ அதை எழுதும் டெவலப்பரிடம் போய்ப் பேசுங்கள். பிழை தேடுவதற்கான டீபக் (debug) மெசேஜ்களை டேபிளில் எழுதும் அமைப்பை அணைக்க மறந்திருப்பார், அல்லது யாரும் பயன்படுத்தாத இண்டெக்ஸ் ஒன்று சேர்ந்திருக்கும். உங்கள் பேக்கப்பும் ரெப்ளிகாவும் டெஸ்ட் பிரதியும் இதே ஜிபியைத் திரும்பத் திரும்பச் சுமக்கின்றன என்பதால், இங்கே குறையும் ஒவ்வொரு ஜிபியும் பல இடங்களில் குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் டிஸ்க் நிறையலாம். அந்த நேரத்தில் வால் கோப்புறைக்குள் போய், பழைய லாக்தானே என்று எதையும் கையால் அழிக்காதீர்கள். டேட்டாபேஸ் திரும்ப எழவே எழாமல் போகலாம். அதற்குப் பதில், டேட்டாபேஸ் இருக்கும் அதே டிஸ்க்கில் 5 அல்லது 10 ஜிபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும் டம்மி கோப்பு ஒன்றை இப்போதே உருவாக்கி வையுங்கள். நெருக்கடியில் அதை அழித்தால் சர்வர் எழுந்து, முறையாகச் சுத்தம் செய்ய அவகாசம் கிடைக்கும். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை இரவுப் பணியில் இருப்பவருக்கும் சொல்லி, அவசர எண்கள் எழுதிய பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.