எரிச்சல் ஏன் பாதத்தில் தொடங்குகிறது?

கால் கட்டைவிரலில் முள் குத்தினால், அந்தச் செய்தியைச் சுமந்து செல்லும் நரம்புச் செல் எங்கே குடியிருக்கிறது? விரலில் இல்லை, காலிலேயே இல்லை. இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிய ஒரு சிறு முடிச்சுக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஒற்றை இழையாகக் கிளம்பி, தொடை, முழங்கால், கெண்டைக்கால் எல்லாம் கடந்து, விரல் நுனித் தோலில் வந்து முடிகிறது. உயரமானவர்களுக்கு அந்த இழை ஒரு மீட்டரைத் தாண்டும். இவ்வளவும் ஒரே செல். செல்லின் உடலோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதை எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால், அதன் வால் அரைக் கிலோமீட்டர் தூரம் நீண்டு கிடக்கும்.

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உடலெங்கும் ஓடுபவை புற நரம்புகள். தண்டுவடத்திலிருந்து மட்டும் 31 ஜோடி கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. இவற்றைத் தாக்கும் கோளாறுகளின் பட்டியல் நூறைத் தாண்டும். படித்தால் மலைப்புத்தான் மிஞ்சும். ஆனால் அந்த ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டால், பட்டியலில் பெரும்பகுதி தானாகவே பிடிபடத் தொடங்கும்.

இழையின் கடைக்கோடி வாழ்வதற்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை செல்லின் உடலில்தான் தயாராகின்றன. அவை இழை நெடுகிலும் பதிக்கப்பட்ட நுண்குழல்களின் மேல் கொண்டு செல்லப்படுகின்றன. கைனெசின் என்ற மூலக்கூறு சரக்கை வெளியே இழுத்துச் செல்கிறது. டைனீன் என்பது பழுதானவற்றை உள்ளே திருப்பிக் கொண்டுவருகிறது. அவசரச் சரக்கு நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் வரை நகரும். பாதம் சேர மூன்று நாள் போதும். ஆனால் இழையின் எலும்புக்கூடாக நிற்கும் புரதங்கள் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே ஊர்கின்றன. இன்று முதுகில் உருவானது பாதத்துக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகிவிடும். இப்படிப்பட்ட ஏற்பாடு இத்தனை பேருக்கு ஆயுள் முழுக்கச் சிக்கலின்றி ஓடுகிறது என்பதே எனக்கு ஆச்சரியம்.

ஓடாதபோது என்ன நடக்கிறது? உடல் முழுவதையும் பாதிக்கும் ஏதோ ஒரு தொல்லை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கலாம், நெடுங்காலக் குடிப்பழக்கம் இருக்கலாம், சிறுநீரகம் செயலிழந்திருக்கலாம், வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம். எல்லா நரம்புகளும் ஒரே ரத்தத்தில்தான் நனைகின்றன. ஆனாலும் முதலில் தடுமாறுவது மிக நீளமான இழை. அதிலும் அதன் கடைசி முனை. எனவேதான் எரிச்சலும் மரத்துப்போதலும் இரு பாதங்களிலும் ஒரே சமயத்தில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மெல்ல மேலேறுகின்றன. முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல் நுனிகளும் மதமதக்கத் தொடங்கும். முதுகெலும்பிலிருந்து அளந்தால், முழங்காலுக்குக் கீழே வரை ஓடும் இழையும் விரல் நுனி வரை ஓடும் இழையும் ஏறத்தாழ ஒரே நீளம் என்பதுதான் காரணம். மருத்துவர் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு உணர்வின் எல்லையைத் தேடும்போது, உண்மையில் நோயாளியின் நரம்புகளை நீளவாரியாகத் தரம் பிரிக்கிறார்.

புற்றுநோய் மருந்துகள் சில இந்தக் கதையை இன்னும் பட்டவர்த்தனமாகக் காட்டுகின்றன. வின்கிரிஸ்டின், பாக்லிடாக்செல் இரண்டும் செல் பிரிவதைத் தடுப்பதற்காக நுண்குழல்களைக் குறிவைப்பவை. நரம்புச் செல் பிரிவதே இல்லை. ஆனால் அதன் சரக்குப் பாதையும் அதே நுண்குழல்தான். கட்டியை அழிக்கப் போன மருந்து வழியில் பாதத்தின் பாதையையும் குலைத்துவிடுகிறது.

பாதத்தில் தொடங்கி மேலேறும் இந்த வகைப் பாதிப்புக்கு உலகளவில் முதன்மைக் காரணம் நீரிழிவு. நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் என்றேனும் நரம்புப் பாதிப்பு வருகிறது. மிகுந்த குளுக்கோஸ் நரம்புக்கு உணவூட்டும் மயிரிழை ரத்தக்குழாய்களைத் தடிக்கச் செய்கிறது. செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவையும் சிதைக்கிறது. முதல் வகை நீரிழிவில் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தினால் நரம்புப் பாதிப்பு வருவது ஏறத்தாழ 60 விழுக்காடு குறைகிறது என்று 1993இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை. எடை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து அங்கே விளையாடுகின்றன. சர்க்கரை அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எரிச்சல், சுரீரென்ற வலி, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு ஆகியவை நோயாளியை மருத்துவரிடம் துரத்துகின்றன. இவை சேதமுற்ற இழைகள் காரணமின்றி எழுப்பும் பொய்ச் செய்திகள். போர்வை பட்டாலே வலிக்கும். தரையில் நெருப்பு இல்லை, ஆனால் உள்ளங்கால் வேகும். சில காலம் கழித்து எரிச்சல் தணியும். குணமாகிவிட்டது என்று பலர் மகிழ்ந்துபோவார்கள். இழைகள் மடிந்து செய்தியே நின்றுபோனதாலும் அது தணியலாம். வலியைவிட இந்த மௌனம்தான் ஆபத்து.

இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியது தொழுநோய். அதன் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளில், அவற்றைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களுக்குள் குடியேறும். விரல்கள் குறைந்துபோவதைக் கிருமி சதையை அரிப்பதாகவே நெடுங்காலம் எண்ணிவந்தார்கள். 1940களின் இறுதியிலிருந்து வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், காரணம் வேறு என்று கண்டார். வலி தெரியாததால் அடுப்புச் சூடும் செருப்பு ஆணியும் தினமும் ஏற்படுத்தும் காயங்களே விரல்களைத் தின்கின்றன. கிருமி செய்தது உணர்வைப் பறித்தது மட்டுமே. நீரிழிவுப் பாதத்தைக் காப்பதற்கு இன்று சொல்லப்படும் அறிவுரைகளும் இதே கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கின்றன: வெறுங்காலோடு நடக்காதீர்கள், தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், காலணிக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு அணியுங்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் கால்களை இழக்காமல் காப்பதில் பல மாத்திரைகளைவிட இவை வலியவை.

காலிலிருந்து சமச்சீராக ஏறாத பாதிப்பு என்றால் வேறு கதை. ஒரு கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் இரவில் மரத்து, உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் ஒன்பது தசைநாண்களோடு ஒரே குறுகிய சுரங்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் நடு நரம்பு நசுங்குகிறது. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்குவதால்தான் இரவில் மோசமாகிறது. நேராக வைக்கும் பட்டை பலருக்குப் போதும். போதாவிட்டால் ஸ்டீராய்டு ஊசி, அதுவும் போதாவிட்டால் சுரங்கத்தின் கூரையாக இருக்கும் தசைநாரை வெட்டிவிடும் சிறு அறுவை. முகத்தின் ஒரு பாதி திடீரென்று தொங்கிப்போனால் முதலில் பக்கவாதம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். முக நரம்பு வீக்கம்தான் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்குவது குணமாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

எல்லாவற்றிலும் அவசரமானது சில நாட்களுக்குள் கால்களிலிருந்து மேலேறும் பலவீனம். 1916இல் கிலான், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த நோய் அது. மூன்றாமவர் பெயர் ஏனோ உதிர்ந்துபோய், கிலான்-பாரே என்றே நிலைத்துவிட்டது. வயிற்றுப்போக்கோ சளியோ வந்து ஓரிரு வாரங்களில் தொடங்கும். கிருமியின் மேற்பரப்பும் நரம்பின் மேற்பரப்பும் ஒத்திருப்பதால், கிருமியைத் தாக்க உருவான எதிர்ப்பொருள்கள் நரம்பையும் தாக்குகின்றன. மூச்சுத் தசைகள் வரை ஏறிவிடக்கூடும் என்பதால் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும். இம்யூனோகுளோபுலினை, அதாவது பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்களை, ரத்த வழியே செலுத்துவது, அல்லது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றுவது, இரண்டில் ஒன்று பலன் தரும். வீக்கத்துக்கெல்லாம் கை கொடுக்கும் ஸ்டீராய்டு இங்கே கைவிரித்துவிடுகிறது.

படுத்த படுக்கையாகிச் செயற்கைச் சுவாசம் வரை போனவர்களிலும் பலர் எழுந்து நடக்கிறார்கள். இந்த நோய் வந்தவர்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால், ஆறு மாதத்தில் ஐந்தில் நான்கு பேர் துணையின்றி நடப்பார்கள். பத்தாண்டு நீரிழிவால் போன உணர்வு மட்டும் ஏன் எளிதில் திரும்புவதில்லை? இதற்கு 1850இல், இரண்டு தவளைச் சோதனைகளில் விடையின் தொடக்கம் இருக்கிறது.

ஒன்று ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்தது. நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியரே நினைத்திருந்தபோது, தவளையின் நரம்பில் வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் என்று அளந்து காட்டினார். மனிதரின் தடித்த இழைகளில் வேகம் 100 மீட்டரைத் தொடும். ஷ்வான் செல்கள் இழையைச் சுற்றிச் சுற்றி உருவாக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை தரும் வேகம் அது. உறை இல்லாத மெல்லிய வலி இழைகளில் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவே. நரம்பை மின்சாரத்தால் தூண்டி, எழும் மின்னலையை அளக்கும் இன்றைய நரம்புக் கடத்தல் சோதனையும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வழியில்தான் நடக்கிறது. வேகம் குறைந்திருந்தால் உறை சேதம்; வேகம் சரியாக இருந்து அலையின் உயரம் குறைந்திருந்தால் இழைகளே மடிந்திருக்கின்றன. மெல்லிய இழைகளை இந்தச் சோதனை காணாது. பாதம் எரிந்துகொண்டிருக்க, அறிக்கையில் ‘இயல்பு’ என்று வந்து, மனப்பிரமை என்று வீட்டில் ஏச்சு வாங்குபவர்கள் உண்டு. அவர்களுக்குத் தோலில் சிறு துண்டு எடுத்து இழைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சோதனை ஆங்கிலேய மருத்துவர் அகஸ்டஸ் வாலர் செய்தது. தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டினார். வெட்டுக்கு அப்பால் இருந்த பகுதி முழுவதும் சில நாட்களில் சிதைந்து துகள்களானது. செல்லின் உடலோடு ஒட்டியிருந்த பகுதி பிழைத்தது.

இரண்டையும் சேர்த்தால் கேள்விக்கு விடை கிடைக்கிறது. கிலான்-பாரேயின் பரவலான வகையில் சேதமாவது உறை. இழை உயிரோடு இருக்கும்வரை ஷ்வான் செல்கள் சில வாரங்களில் புது உறை சுற்றிவிடும். இழையே மடிந்துவிட்டால் அது மீண்டும் வளர வேண்டும். வளர்ச்சி நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், மேலே சொன்ன அந்த மெதுவான சரக்கின் வேகம்தான். தோளருகே அறுந்த நரம்பு கைவிரல் தசையை எட்ட இரண்டு ஆண்டுகள் ஆகும். நரம்பின்றித் தசை அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. ஒன்று, ஒன்றரை ஆண்டுகளில் நாராகச் சுருங்கி, பிறகு நரம்பு வந்தாலும் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே விபத்தில் நரம்பு அறுந்தவர்களுக்கு அறுவை மருத்துவர்கள் இப்போது தூரத்தையே குறைக்கிறார்கள். முழங்கை மடக்கும் தசை செயலிழந்தால், அருகில் கைக்குப் போகும் நல்ல நரம்பிலிருந்து சில இழைகளை மட்டும் பிரித்து அந்தத் தசையில் இணைக்கிறார்கள். ஓபர்லின் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1994இல் விவரித்த இந்த முறையில் இழை கடக்க வேண்டியது சில சென்டிமீட்டர்தான். கை மடங்கத் தொடங்க மாதங்கள் போதும்.

மாத்திரைகளைப் பற்றி நேராகப் பேசிவிடலாம். காரணத்தைச் சரிசெய்வது ஒன்றுதான் சேதத்தை நிறுத்தும். பி12 குறைவு என்றால் அதைக் கொடுக்க வேண்டும், சீக்கிரம் கொடுக்க வேண்டும். மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்களுக்கு அது குறையக்கூடும் என்பதால் ரத்தத்தில் அளவைப் பார்ப்பது நல்லது. ஆனால் குறைவே இல்லாதவர்கள் ‘நரம்புக்குச் சத்து’ என்று ஆண்டுக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளில் பி6 அதிக அளவில் இருந்தால், அந்தப் பி6 தானே நரம்பைக் கெடுக்கும். இந்த விநோதம் பரவலாகத் தெரிய வேண்டிய ஒன்று.

வலிக்குப் பாராசிட்டமால் பெரிதாக உதவாது. மருத்துவர் எழுதித் தருவது அமிட்ரிப்டிலினாகவோ டுலாக்செட்டினாகவோ இருக்கும். மனச்சோர்வு மருந்து எனக்கெதற்கு என்று பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் படித்துவிட்டு நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அமர்த்தும் பாதைகளை அவை பலப்படுத்துகின்றன. வலிப்புக்கென வந்த காபாபென்டினும் பிரிகாபாலினும் மிகையாகத் துடிக்கும் நரம்பு முனைகளில் கால்சியம் நுழைவதைக் குறைக்கின்றன. வலி பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன் என்றுதான் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இவற்றில் எதுவும் இழையை வளர்க்காது.

வளர்ப்பதைவிட மடியாமல் தடுப்பது எளிதாக இருக்கலாம் என்ற எண்ணம் ஓர் எலியிலிருந்து வந்தது. வெட்டிய நரம்பின் துண்டு ஓரிரு நாட்களில் சிதைவதற்குப் பதில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் எலி வகை ஒன்றை ஆக்ஸ்ஃபோர்டில் தற்செயலாகக் கண்டு 1989இல் அறிவித்தார்கள். வாலர் கண்ட சிதைவு உணவின்றி வாடுவதால் நடப்பதில்லை, செல் தானே நடத்தும் ஒரு வேலை என்று அதிலிருந்து தெரியவந்தது. 2012இல் அந்த வேலையை நடத்தும் புரதம் அடையாளம் காணப்பட்டது: சார்ம்1. சரக்கு வரத்து நின்றதும் அது விழித்துக்கொண்டு, இழைக்குள் இருக்கும் என்ஏடி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தீர்த்துக்கட்டுகிறது. அந்தப் புரதம் இல்லாமல் பிறந்த எலிகளுக்கு வின்கிரிஸ்டின் கொடுத்தாலும் பாதத்து இழைகள் பெரும்பாலும் தப்புகின்றன. சார்ம்1ஐ முடக்கும் மருந்துகள் மனிதர்களிடம் தொடக்கநிலைச் சோதனைகளுக்கு வந்திருக்கின்றன.