உடம்புக்குள் இருக்கும் பொட்டாசியம் ஏன் வெடிப்பதில்லை?

பட்டாணி அளவு பொட்டாசியத்தைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பள்ளி மாணவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்: மிதக்கும், சீறும், தீப்பிடிக்கும், கடைசியில் படாரென்று தெறிக்கும். சரி, இப்போது இன்னொரு கேள்வி. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 140 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதே உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். இரண்டும் கலந்தேதான் கிடக்கின்றன. அப்புறம் ஏன் ஒன்றும் ஆவதில்லை?

ஒரு மாணவி என்னிடம் இதைக் கேட்டபோது "அது உலோகம், இது அயனி" என்று ஒரே வரியில் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பதில் சரிதான். ஆனால் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் ஒரே ஒரு எலக்ட்ரான்: அதை இழந்து நேர்மின்னூட்டம் பெற்ற அணுதான் இந்த அயனி. ஒரு எலக்ட்ரான் போனதற்கு இவ்வளவு மாற்றமா என்று அவள் அடுத்து கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொட்டாசியத்தின் அணு எண் 19. எலக்ட்ரான்கள் கூடுகளில் 2, 8, 8, 1 என்று அமர்ந்திருக்கின்றன. அந்தக் கடைசி ஒன்று நான்காவது கூட்டில், அணுக்கருவிலிருந்து வெகு தொலைவில், நடுவில் பதினெட்டு எலக்ட்ரான்கள் மறைத்துக்கொண்டு நிற்க, அரைகுறைப் பிடிப்பில் இருக்கிறது. அதைப் பிடுங்க ஒரு மோலுக்கு 419 கிலோஜூல் போதும். சோடியத்துக்கு 496, லித்தியத்துக்கு 520 ஆகும் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு தளர்வு என்று புரியும். ஆனால் பொட்டாசியத்திடமிருந்து இரண்டாவதாக இன்னொன்றைப் பிடுங்கப் போனால் 3052 கிலோஜூல் கேட்கும், ஏழு மடங்குக்கும் மேல். முதலாவதை விட்டுவிடும், இரண்டாவதைத் தொட விடாது. பொட்டாசியத்தின் வேதியியல் கிட்டத்தட்ட முழுவதும் இதுதான்.

அந்த ஒன்று போன பிறகு மிஞ்சும் பதினெட்டும் ஆர்கானில் இருப்பதைப் போலவே அடுக்கப்பட்டிருக்கும். அதனால் "மந்த வாயுவின் அமைப்பைப் பெற பொட்டாசியம் விரும்புகிறது" என்று பாடத்தில் எழுதுவார்கள். இந்த "விரும்புகிறது" எனக்குப் பிடிப்பதில்லை. தனியாக நிற்கும் ஒரு பொட்டாசியம் அணு அந்த எலக்ட்ரானைத் தானாக உதிர்த்துவிடாது, அந்த 419 கிலோஜூலை எங்கிருந்தாவது கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆள் இருந்து, உண்டாகும் அயனியைச் சூழ்ந்துகொள்ளவும் ஆள் இருந்து, வரவு செலவைக் கூட்டிப் பார்த்தால் ஆற்றல் மிஞ்ச வேண்டும். தண்ணீர் இரண்டு வேலையையும் செய்யும். எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜனாகவும் ஹைட்ராக்சைடாகவும் மாறுகிறது, தன் ஆக்சிஜன் முனைகளைத் திருப்பிக்கொண்டு அயனியைச் சுற்றி மொய்க்கிறது. மிஞ்சும் ஆற்றல்தான் நாம் பார்க்கும் சூடு.

உலோகம் மெத்தென்று இருப்பதற்கும் அந்த ஒற்றை எலக்ட்ரானே காரணம். ஒவ்வொரு அணுவும் பொதுப் பிணைப்புக்கு ஒரே ஒரு எலக்ட்ரானைத்தான் தருகிறது, அணுக்களும் பெரியவை, ஆக பிணைப்பு பலவீனம். கத்தியால் வெட்டலாம், 63.5 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடர்த்தி 0.86 (தண்ணீருக்கு 1), அதனால்தான் மிதக்கிறது.

தண்ணீரில் போட்டவுடன் தெரியும் தீ, வெளியேறும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்வது. அதற்கு வெளிர் ஊதா நிறம் கொடுப்பது பொட்டாசியத்தின் ஆவி. (சுடர்ச் சோதனையில் இந்த ஊதாவைப் பார்க்க முடியாமல் திண்டாடியவர்களுக்கு: துளி சோடியம் கலந்திருந்தாலும் அதன் மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிடும், நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பாருங்கள்.) ஆனால் வெடிப்பு எங்கிருந்து வருகிறது? ஹைட்ரஜன் எரிவதால்தான் என்று நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தோம், அதில் ஓர் ஓட்டை இருந்தது. உலோகமும் தண்ணீரும் தொடும் இடத்தில் ஹைட்ரஜனும் நீராவியும் உண்டானால் அவை நடுவில் மெத்தை போலப் பரவி இரண்டையும் பிரித்துவிட வேண்டும், வினை வேகம் குறைய வேண்டும். நடப்பதோ நேர்மாறு.

2015இல் செக் நாட்டின் பிராகாவில் வேதியியலாளர் பாவெல் யுங்விர்த்தின் குழு இதற்கு விடை சொன்னது. சோடியமும் பொட்டாசியமும் கலந்த கலவை அறை வெப்பத்தில் பாதரசம் போலத் திரவமாக இருக்கும். அதைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். ஒரு மில்லி நொடியில் பாதிகூட ஆவதற்குள் அந்தச் சொட்டிலிருந்து முள்ளம்பன்றி சிலிர்த்தது போல உலோக முட்கள் கிளம்பித் தண்ணீருக்குள் பாய்ந்தன. காரணம், மேற்பரப்பிலுள்ள அணுக்களின் எலக்ட்ரான்கள் கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீருக்கு ஓடிவிடுகின்றன. பின்னால் நிற்பவை எல்லாம் நேர்மின் அயனிகள், நெருக்கமாக, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு. அந்த விலக்கத்தில் சொட்டு தன்னைத்தானே கிழித்துக்கொள்கிறது, கிழியக் கிழியப் புதுப் பரப்பு தண்ணீரைத் தொடுகிறது, மெத்தை போட நேரமே இல்லை. ஹைட்ரஜன் எரிவதெல்லாம் இதற்குப் பிறகுதான். பள்ளிக்கூட மேசையில் தலைமுறை தலைமுறையாகச் செய்து காட்டிய ஒரு சோதனைக்கு இவ்வளவு தாமதமாகத்தான் சரியான விளக்கம் கிடைத்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

காற்றிலும் இதைத் திறந்து வைக்க முடியாது, எண்ணெய்க்குள் முக்கித்தான் வைப்பார்கள். அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. லித்தியம் எரிந்தால் சாதாரண ஆக்சைடு, சோடியம் எரிந்தால் பெரும்பாலும் பெராக்சைடு, பொட்டாசியமோ ஆக்சிஜன் இன்னும் அதிகமாகச் சேர்ந்த மஞ்சள் நிற சூப்பராக்சைடாகிவிடும். பழைய பாட்டிலில் மஞ்சள் படலம் கட்டிய பொட்டாசியத்தைக் கத்தி வைத்து வெட்டப் போனால் அந்தப் படலமும் உலோகமும் எண்ணெயும் சேர்ந்து வெடிக்கலாம், ஆகவே அப்படிப்பட்ட பாட்டிலைக் கண்டால் கை வைக்காதீர்கள். அதே சூப்பராக்சைடு கரியமில வாயுவை உறிஞ்சி ஆக்சிஜனைத் தரும் என்பதால் சுரங்க மீட்புக் குழுவினரின் சுவாசக் கருவிகளில் உயிர் காக்கவும் செய்கிறது.

எலக்ட்ரானை விடுவது எளிது என்றால், போனதைத் திரும்பக் கொடுப்பது பெரும்பாடு. இயற்கையில் பொட்டாசியம் உலோகமாகக் கிடைக்காது, எங்கும் அயனிதான். மரச்சாம்பலைக் கரைத்து, வடித்து, காய்ச்சிப் பொட்டாஷ் எடுப்பது பழங்காலக் கைவேலை, ஆனால் அதற்குள் ஓர் உலோகம் ஒளிந்திருப்பது 1807 வரை யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி மின்கலங்களின் ஆற்றலைக் கொண்டு முயன்றார். பொட்டாஷைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் செலுத்தினால் தண்ணீர்தான் பிரிகிறது, முழுக்கக் காய்ந்ததாக எடுத்தால் மின்சாரமே பாய்வதில்லை. கொஞ்ச நேரம் காற்றில் வைத்து மேல்புறம் மட்டும் ஈரமான கட்டியை எடுத்தார், அது மின்சாரத்தில் உருகியது. எதிர்மின் முனையில் பாதரசத் துளிகள் போல மின்னிய சிறு உருண்டைகள் தோன்றின, சில அப்போதே தீப்பிடித்தன. டேவி அறைக்குள் குதித்து ஆடினார் என்று உடனிருந்த உறவினர் எட்மண்ட் டேவி பதிவு செய்திருக்கிறார். மின்னாற்பகுப்பால் பிரித்தெடுக்கப்பட்ட முதல் உலோகம் இது, சில நாட்களிலேயே சோடியமும் வந்தது.

இனி உடம்புக்கு வருவோம். அங்கே இருக்கும் 140 கிராமும் எலக்ட்ரானை எப்போதோ கொடுத்துவிட்ட அயனிகள், தண்ணீருக்குத் தர அவற்றிடம் எதுவும் பாக்கி இல்லை. அவற்றால் அடுத்த எலக்ட்ரானையும் விட முடியாது என்பதால் வேதிவினை என்று பார்த்தால் சாதுவானவை, இருக்கும் இடத்தை வைத்துத்தான் அவற்றுக்கு வேலை. செல்லின் சவ்விலுள்ள ஒரு புரதப் பம்பு மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். 1957இல் இதைக் கண்டறிந்த யென்ஸ் ஸ்கௌவுக்கு 1997இல் நோபல் கிடைத்தது. இந்தப் பம்பு ஓயாமல் உழைப்பதால் செல்லுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட ஏறக்குறைய முப்பது மடங்கு, அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நரம்புகள் மின் சமிக்ஞை அனுப்புகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பொட்டாசியம் செல்லிலிருந்து வெளியேறும் வாசல், அதுவும் சவ்விலுள்ள ஒரு புரதம்தான். சோடியம் அயனி பொட்டாசியம் அயனியைவிடச் சிறியது. பெரியது நுழையும் ஓட்டையில் சிறியது தாராளமாக நுழைய வேண்டும் அல்லவா? நுழைவதில்லை, பத்தாயிரம் பொட்டாசியம் போனால் ஒரு சோடியம் போகும், அவ்வளவுதான். ராடரிக் மெக்கின்னன் 1998இல் அந்த வாசலின் அமைப்பைப் படம் எடுத்துக் காட்டினார், 2003இல் நோபல் பெற்றார். அயனி உள்ளே நுழைய வேண்டுமானால் தன்னைச் சூழ்ந்த தண்ணீர் மூலக்கூறுகளை உதற வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். வாசலின் சுவரில் ஆக்சிஜன் அணுக்கள், தண்ணீரின் ஆக்சிஜன் நின்ற அதே தொலைவில், பொட்டாசியத்தின் அளவுக்கே தைத்தது போல நிற்கின்றன. பொட்டாசியத்துக்கு இழந்தது அப்படியே திரும்பக் கிடைக்கிறது, நஷ்டமில்லை. சிறிய சோடியத்துக்கோ அந்தச் சட்டை தொளதொளவென்றிருக்கிறது, ஆக்சிஜன்கள் எட்டவில்லை, ஆகவே தண்ணீரை விட்டுவிட்டு வர அதற்குக் கட்டுபடியாகாது.

கடைசியாக, தனிம அட்டவணையில் ஒரு சின்ன முரண். 18ஆவது ஆர்கானின் அணு நிறை 39.95, அடுத்து வரும் பொட்டாசியத்துக்கு 39.10. வரிசை தலைகீழ். இதற்கும் பொட்டாசியமே பொறுப்பு. அதில் 0.012 விழுக்காடு, நிறை எண் 40 கொண்ட, தானாகச் சிதையும் கதிரியக்க வகை (ஐசோடோப்பு), அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள். சிதைவதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நடப்பது இது: அணுக்கரு தன் உள்கூட்டிலிருந்து ஒரு எலக்ட்ரானை இழுத்து விழுங்க, ஒரு புரோட்டான் நியூட்ரானாகிறது, 19 என்பது 18 ஆகிறது. நம் காற்றில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு இருக்கும் ஆர்கான் அநேகமாக முழுவதும் இப்படிப் பாறைகளுக்குள் பிறந்து வெளியேறிய ஆர்கான் 40, அதனால்தான் அத்தனை கனம். எலக்ட்ரானை விட்டு ஆர்கானைப் போல ஆனது ஒரு பக்கம் இருக்க, எலக்ட்ரானை விழுங்கி ஆர்கானாகவே மாறுவதும் நடக்கிறது, உங்கள் உடம்பில் இந்த நொடியில் நானூறுக்கும் மேற்பட்ட அணுக்களில்.