சுவரில் தெறித்த செம்மண்

ஏற்காட்டில் அம்மாயி வீட்டுக்கு வெள்ளையடித்த சுவர். மழை விட்டதும் அம்மாயி முதலில் போய்ப் பார்ப்பது அந்தச் சுவரின் அடிப்பகுதியைத்தான். ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண் புள்ளி தெறித்திருந்தால் பேசாமல் வந்துவிடுவார். முழங்காலைத் தாண்டியிருந்தால், "இது கெடுக்கற மழை கண்ணு, மண்ண வாரிட்டுப் போயிருச்சு" என்பார். எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று அவர் கேட்டதே இல்லை. எப்படிப் பெய்தது என்பதைச் சுவர் சொல்லிவிடும்.

தூறலின் துளி அரை மில்லிமீட்டர் விட்டம்கூட இருக்காது. நொடிக்கு 2 மீட்டருக்குள்தான் அதன் வேகம். பேய்மழையின் பெரிய துளி 5 மில்லிமீட்டர் வரை இருக்கும், நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து விழும். விட்டம் பத்து மடங்கு என்றால் எடை ஆயிரம் மடங்கு. வேகம் நாலரை மடங்கு. மோதும் ஆற்றல் வேகத்தின் இருபடியாக ஏறுவதால் அங்கே இன்னும் இருபது மடங்கு சேர்கிறது. கணக்குப் போட்டால், ஒரே ஒரு பேய்மழைத் துளி சுமார் 20,000 தூறல் துளிகளின் ஆற்றலோடு மண்ணில் இறங்குகிறது. (படங்களில் வரைவதுபோலத் துளிக்கு மேலே வால் கிடையாது. பெரிய துளி காற்று தடுப்பதால் அடி தட்டையாகி, பன் ரொட்டியைப் போல உப்பிக்கொண்டு விழுகிறது. இன்னும் பெருத்தால் வழியிலேயே உடைந்துவிடும்.)

விழுந்த இடத்தில் மண்கட்டி சிதறும். அந்தத் தெறிப்புதான் சுவரில் இரண்டடி உயரம்வரை ஏறுகிறது. அதைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாமல் தரையில் நடக்கிறது. சிதறிய நுண்மண் துகள்கள் மண்ணின் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். சிறிது நேரத்தில் மேல்மண் சாணி மெழுகின தரைபோல ஆகிவிடும். அதற்குப் பிறகு விழும் நீருக்கு உள்ளே போக வழியில்லை. மேலோடு ஓடும், ஓடும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். அடியில் வேர் காய்ந்திருக்க, மேலே வெள்ளம் ஓடுவது இப்படித்தான்.

மழைக்கும் கேட்டுக்கும் உள்ள இந்த உறவு தமிழ்ச் சொற்களிலேயே ஊறியிருக்கிறது. குறளின் இரண்டாம் அதிகாரத்தில் 'புயல் என்னும் வாரி' என்று வருகிறது. அங்கே புயல் என்றால் மழை, வாரி என்றால் வருவாய். அந்த வருவாய் குன்றினால் உழவர் ஏர் பூட்டமாட்டார் என்கிறார் வள்ளுவர். இன்றைக்குப் புயல் என்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். மாரி என்ற சொல் இன்னும் ஆழமானது. தமிழில் மாரி மழை. வடமொழியிலிருந்து வந்த மாரிக்குக் கொள்ளைநோய், சாவு என்று பொருள். இரண்டும் ஒரே ஒலியில் கலந்துவிட்டன. சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றுகிறவர்கள் மழை வரவும் வேண்டுகிறார்கள், நோய் போகவும் வேண்டுகிறார்கள். அந்த ஒரே பெயருக்குள் கொடையும் கேடும் சேர்ந்து இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த சொல் சாரல். அகராதியைத் திறந்தால் மலைச்சரிவு என்றும் இருக்கும், மென்மழை என்றும் இருக்கும். சேர்வராயன் மலையில் நின்றால் இரண்டும் ஏன் ஒரே சொல்லானது என்று விளங்கும். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். சமவெளிக் காற்று மலையில் முட்டி மேலேறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஈரம் திரளாதவரை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போதே சன்னலுக்கு வெளியே பனிமூட்டமாக வருவது அந்த ஈரம் திரண்ட மேகம்தான். அதில் துளிகள் பெரிதாக வளர நேரமும் இல்லை, உயரமும் இல்லை. பொடிப்பொடியாக, காற்று தள்ளிய பக்கம் சாய்ந்து விழுகின்றன. சரிவு இருப்பதால்தான் அந்த மழையே பிறக்கிறது.

சித்திரை, வைகாசியில் சேலத்தில் கொட்டும் இடிமழை வேறு. வெயிலில் கொதித்த தரைக்காற்று செங்குத்தாகப் பல கிலோமீட்டர் எழும்பி, துளிகளை மேலேயே தாங்கிப் பெருக்கவைத்து, பிறகு மொத்தமாக இறக்கிவிடுகிறது. வானிலை அறிக்கை வெப்பச் சலனம் என்று சொல்வது இதைத்தான். அரை மணியில் முடிந்துவிடும், ஆனால் சுவரில் புள்ளி உயரத்தில் இருக்கும்.

வானிலைத் துறையின் சொற்கள் அளவைக் கணக்கில் எடுப்பவை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். அப்படிப் பார்த்தால் அதிகனமழை ஒரு ஏக்கரில் 8 லட்சம் லிட்டருக்கு மேல் இறக்குகிறது. ஆனால் அந்த நீர் ஒரு மணியில் விழுந்ததா, நாள் முழுக்க விழுந்ததா என்பதை இந்தச் சொற்கள் சொல்லாது. அடைமழை சொல்லும்.

அடைமழையின் துளி பெரும்பாலும் நடுத்தரம். சுவரில் புள்ளி அவ்வளவாக ஏறாது, மண்ணும் பொறுமையாகக் குடிக்கும். இந்த மழையைக் கண்டு அம்மாயி சந்தோஷப்படுவார். இரண்டாம் நாளும் விடாவிட்டால்தான் முகம் மாறும். மண் துகள்களுக்கு இடையே இருந்த இடமெல்லாம் நீரால் நிரம்பியதும், அந்த நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றைவிட்டு ஒன்று விலக்குகிறது. அவற்றைப் பிடித்துவைத்திருந்த உராய்வு தளர்கிறது. எடையோ கூடியிருக்கிறது. சரிவு முழுதாக இறங்கிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்நாட்டில் நகர்ந்தபோது ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டிப் பெய்தது. மலைப்பாதையில் மண் சரிந்தது.

பேய்மழை மேல்மண்ணை உரிக்கும். அடைமழை அடிமண்ணை அவிழ்க்கும். இரண்டுக்கும் காப்பு வேறு வேறு என்பதால் சொற்களைக் கலக்காமல் வைத்திருப்பது நல்லது.

காப்பித் தோட்டத்தில் நிழல்மரம் இருந்தால் மண் பத்திரம் என்று பலரும் நம்புகிறார்கள். முழு உண்மை அதில்லை. இலையில் தங்கும் சிறுதுளிகள் ஒன்றுசேர்ந்து, வானத்துத் துளியைவிடப் பெரிதாகிச் சொட்டும். உயரமான சில்வர் ஓக்கிலிருந்து விழுந்தால் தரைக்கு வருவதற்குள் கிட்டத்தட்ட முழு வேகத்தையும் எட்டிவிடும். மண்ணைக் காப்பது கீழே கிடக்கும் சருகு. போன ஐப்பசியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி பார்த்தேன். கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்த பாத்தியிலிருந்து நீர் செக்கச்செவேலென்று ஓடியது. சருகைத் தொடாமல் விட்டிருந்த பாத்தியின் ஓரத்தில் வெகுநேரம் கழித்து, டீத்தண்ணி நிறத்தில், தெளிவாகக் கொஞ்சம் கசிந்தது.