தியேட்டர், நாடகம், அரங்கியல்: எதைப் படிக்கிறோம்?

சேலத்தில் பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை "காலேஜில் தியேட்டர் படிக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னால், அப்பா ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்பு என்று நினைத்துக்கொள்வார். பாட்டி, படம் பார்க்கவா காலேஜ் என்று கேட்பார். இருவரையும் குறை சொல்ல முடியாது. ஏற்காடு போகும் சாலையில் இன்றும் நிற்கிற வளைவில் 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்றுதான் இருக்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய அந்த நிறுவனம் படம் காட்டும் கொட்டகையும் அல்ல, நாடகம் போடும் இடமும் அல்ல. படம் எடுத்த ஸ்டுடியோ. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்தது அங்கிருந்துதான். அக்காலப் படக் கம்பெனிகள் இப்படிப் பெயர் வைத்துக்கொண்டன. கல்கத்தாவிலும் ஒரு 'நியூ தியேட்டர்ஸ்' இருந்தது.

சொல்லின் மூலம் கிரேக்கம். 'தியாட்ரோன்' என்றால் பார்க்கும் இடம். மலைச்சரிவில் படிப்படியாக மக்கள் உட்கார்ந்த பகுதிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். நடிப்பவர்கள் நின்ற இடத்துக்கு அல்ல. இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது இடம், அங்கே நடக்கும் கலை, அந்தக் கலையைப் பற்றிய படிப்பு எல்லாவற்றுக்கும் அதே சொல் ஒட்டிக்கொண்டது. அறுவை சிகிச்சை அறைக்கு அந்தப் பெயர் வந்ததும் இதே காரணத்தால்தான். ஐரோப்பாவில் மருத்துவ மாணவர்கள் சுற்றிலும் படிக்கட்டு வரிசைகளில் இருந்து கீழே நடப்பதைப் பார்த்துப் படித்தார்கள். ஆக, அப்பா நினைத்ததும் அடிப்படையில் அதே சொல்தான்.

தமிழில் இதை நாடகம் என்று சொல்லிவிட்டால் போதாதா? போதாது. நாடகம் என்பதற்கு இன்று எழுதப்பட்ட பிரதி, மேடையில் நடப்பது என்று இரண்டு பொருள். (டிவி சீரியல் என்ற மூன்றாவது பொருளை வீட்டில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.) சொல் வடமொழி வேரா, 'நடி'யிலிருந்து வந்த தமிழா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. தொல்காப்பியத்திலேயே 'நாடக வழக்கு' என்று வருகிறது. ஆனால் அங்கே அது மேடையைச் சொல்லவில்லை. உலகில் அங்கங்கே நடப்பதைச் சுவைபடக் கோத்து ஓரிடத்தில் நடந்ததாகச் சொல்லும் முறையைச் சொல்கிறது.

கூத்து இன்னொரு பழைய சொல். மேச்சேரி, எடப்பாடிப் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்கு விடிய விடிய நடப்பதை யாரும் நாடகம் என்று மாற்றிச் சொல்வதில்லை, கூத்துதான். ஆடும் இடம் களரி. சொல்லிக் கொடுப்பவர் வாத்தியார். அங்கே முகத்துக்குப் போடும் அரிதாரம், தோளில் கட்டும் கட்டை, திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டே வெளிவரும் வரவு எல்லாமே பாடம்தான், ஆனால் பாடத்திட்டம் என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. கூத்து ஒரு கலைவடிவத்தின் பெயர். கிரேக்க நாடகத்தையும் நார்வே நாடகாசிரியர் இப்சனையும் சேர்த்துப் படிக்கிற படிப்புக்கு அதைப் பெயராக வைத்தால் இரண்டுக்குமே பொருந்தாது.

எனக்குச் சரியாகப் படுவது 'அரங்கு'. முதலில் அதற்கு மேடான இடம், ஆற்றின் நடுவே உள்ள திட்டு என்று பொருள். திருவரங்கம் என்ற பெயர் அப்படி வந்தது. குறள் 401இல் அது வட்டாட்டம் என்ற காய் உருட்டும் விளையாட்டுக்குப் போட்ட கட்டம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில்தான் நமக்கு வேண்டிய பொருள் முழுசாகக் கிடைக்கிறது. 24 விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, தரையிலிருந்து உயரம் 1. மேலே உத்தரம் வரை 4 கோல். வாயில் இரண்டு. தூணின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பது வரை சொல்லியிருக்கிறது. இன்று லைட்டிங் வகுப்பில் முதல் வாரம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். திரையில் மூன்று வகை: ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்வது பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. கம்பெனி நாடகக்காரர்கள் படுதாவைச் 'சீன்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

அரங்கோடு 'இயல்' சேர்த்தால் அரங்கியல். இலங்கையில் உயர்தர வகுப்புப் பாடத்தின் பெயரே 'நாடகமும் அரங்கியலும்'. நம் பக்கம் பரிதிமாற் கலைஞர் 1897இல் எழுதிய இலக்கண நூலுக்கு 'நாடகவியல்' என்று பெயர் வைத்தார். நல்ல சொல்தான், ஆனால் பிரதியின் பக்கம் சாய்கிறது. புதுவைப் பல்கலைக்கழகம் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் அமைத்த பள்ளி 'நிகழ்கலை' என்ற வழியில் போனது. அது நடனம், இசை எல்லாவற்றையும் அணைத்துக்கொள்ளும் பெரிய சொல். மேடை, நடிப்பு, ஒளி, ஒப்பனை, பார்வையாளர், வரலாறு ஆகியவற்றைச் சேர்த்துப் படிக்கிற படிப்புக்கு அரங்கியல் அளவாக இருக்கிறது.

அப்புறம், பாடப்பிரிவுகளின் பெயர்கள். அரங்க வரலாறு என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. நடத்திக் காட்டுவதை நாம் நிகழ்த்துதல் என்கிறோம், இலங்கையில் ஆற்றுகை என்கிறார்கள். ஆற்றுகை சின்னதாக, வாயில் நன்றாக வருகிறது, இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம். தொல்லை தருவது புரொடக்‌ஷன். அகராதிப்படி தயாரிப்பு, ஆனால் மாடர்ன் தியேட்டர்ஸ் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். கல்லூரி மாணவர் செய்யப்போவதோ மேடை அமைப்பது, உடை தைப்பது, விளக்கு கட்டுவது, ஒத்திகைக்கு நேரம் குறிப்பது. அதனால் 'அரங்க ஆக்கம்' என்று எழுதலாம். விண்ணப்பப் படிவத்தில் தயாரிப்பு என்றே அச்சாகியிருந்தால், முதலீடு ஏதும் கேட்க மாட்டார்கள் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.