ஈராக் போர் விவாதம்: 1441-ஐத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்

மறுபடியும் அதே காட்சி. "2003-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக் மேல் படையெடுத்தது ஐ.நா. அனுமதியோடுதான், பாதுகாப்பு கவுன்சிலின் 1441-ஆம் தீர்மானம் இருக்கிறதே" என்கிறார் ஒருவர். "அமெரிக்கப் படையினர் கைதிகளை வதைத்த அபு கிரைப் சிறையை மறந்துவிட்டீர்களா?" என்று பாய்கிறார் எதிரில் இருப்பவர். கூட்டம் கைதட்டுகிறது. ஒரு கேள்விக்கு வேறொரு கேள்வியின் ஆவணம் நீட்டப்பட்டிருக்கிறது. சொத்துத் தாவாவில் ஜாதகத்தைத் தாக்கல் செய்தால் முன்சீப் கோர்ட்டில் கட்டு அப்படியே திரும்பி வரும். விவாத மேடையில் மட்டும் அதற்குக் கைதட்டல்.

போரைத் தொடங்கியது சட்டப்படி சரியா என்பது ஒரு கேள்வி. தொடங்கிய போரை நடத்திய விதம் சரியா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஐ.நா. சாசனம், இரண்டாவதற்கு ஜெனீவா உடன்படிக்கைகள். சட்டக் கல்லூரி முதல் வகுப்புப் பாடம் இது. ஆனால் 1441 பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அதைப் படித்தவர்களைவிட அதன் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் அதிகம்.

2002 நவம்பர் 8 அன்று பாதுகாப்பு கவுன்சிலில் 15-0 என்று நிறைவேறியது. சிரியாகூட ஆதரித்து வாக்களித்தது. போருக்கு அனுமதி என்று அதில் எழுதியிருந்தால் சிரியாவும் பிரான்சும் கையைத் தூக்கியிருக்குமா? இங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஐ.நா. தீர்மானத்தைக் கையில் எடுத்தால் "நினைவுகூர்ந்து", "கவலை கொண்டு" என்று ஓடும் முகவுரையைத் தாண்டி, எண் போட்ட பத்திகளுக்குப் போங்கள். 1441-இன் முதல் பத்தி, ஆயுதக் களைவு பற்றிய தன் கடமைகளை ஈராக் கடுமையாக மீறியிருக்கிறது என்கிறது. 2-ஆவது பத்தி, கடைசி வாய்ப்பு தருகிறது. 4-ஆவது பத்தியின்படி, மேலும் மீறினால் அது மதிப்பீட்டுக்காகக் கவுன்சிலுக்குத் தெரிவிக்கப்படும். 12-ஆவது பத்தி, அப்படித் தகவல் வந்தால் கவுன்சில் உடனே கூடி நிலைமையைப் "பரிசீலிக்கும்" என்கிறது. 13-ஆவது பத்திதான் எல்லோரும் மேற்கோள் காட்டும் "கடும் விளைவுகள்". அதுகூட, முன்பே பலமுறை எச்சரித்திருக்கிறோம் என்று நினைவூட்டும் வரி.

படை பலத்துக்கு அனுமதி தரும்போது கவுன்சில் வேறு வாசகம் போடும். 1990-இல் குவைத்திலிருந்து ஈராக்கை வெளியேற்ற நிறைவேறிய 678-ஆம் தீர்மானத்தைப் பாருங்கள்: "தேவையான அனைத்து வழிகளையும் பயன்படுத்த" என்று இருக்கும். 1441-இல் அந்தச் சொற்றொடரை எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. வாக்கெடுப்பு நடந்த அன்றே அமெரிக்கத் தூதர் நெக்ரோபோன்டே, இதில் ஒளித்து வைத்த விசை எதுவும் இல்லை, தானாகப் படை பாயும் ஏற்பாடும் இல்லை என்று அவையில் சொல்லிவிட்டார். ஆதரவு திரட்ட அன்று அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

போரை ஆதரித்து வாதாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தரப்பின் உண்மையான வாதம் 1441 தனியாக அல்ல. 678 தந்த அனுமதி செத்துப்போகவில்லை, 1991-இன் போர்நிறுத்தத் தீர்மானமான 687 அதை நிறுத்தி மட்டுமே வைத்தது, ஈராக்கின் கடும் மீறல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. இதுதான் லண்டனும் வாஷிங்டனும் கட்டிய வழக்கு. மீறல் நடந்துவிட்டது என்று முடிவு செய்யும் அதிகாரம் கவுன்சிலுக்கா, தனி நாட்டுக்கா என்பதில்தான் சண்டை. 12-ஆவது பத்தியில் "முடிவெடுக்கும்" என்று போடாமல் "பரிசீலிக்கும்" என்று போட்டதால், இன்னொரு தீர்மானம் கட்டாயமில்லை என்றது பிரிட்டன். ஒரு வினைச்சொல்லில் தொங்கிய வழக்கு!

பிரிட்டிஷ் அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித்துக்கே அதில் உறுதி இல்லை. 2003 மார்ச் 7 அன்று அவர் பிரதமருக்குத் தந்த 13 பக்க ஆலோசனையில், நியாயமான வாதம் இருக்கிறது, ஆனால் இன்னொரு தீர்மானம் வாங்குவதே பாதுகாப்பான வழி என்று இருந்தது. பத்தே நாளில், மார்ச் 17 அன்று, நாடாளுமன்றத்துக்குப் போன சிறிய பதிலில் அந்தத் தயக்கத்தின் சுவடே இல்லை. அதே நாளில் இரண்டாவது தீர்மான முயற்சியும் கைவிடப்பட்டது. வெளியுறவுத் துறையின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் வேலையை உதறினார்.

"பிரிட்டனின் சில்காட் விசாரணைக் குழு இந்தப் போரைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது" என்பது எதிர்த்தரப்பின் வழக்கமான சறுக்கல். 2016-இல் வந்த அந்த அறிக்கை, சட்ட அடிப்படை உண்டு என்று முடிவெடுத்த விதம் திருப்திகரமாக இல்லை என்றது. சட்டப்படி சரியா தவறா என்ற தீர்ப்புக்குள் போகவே மறுத்தது. ஒரு அரசே அமைத்த குழுவின் நேரடியான பதில் வேண்டுமா? 2010-இல் நெதர்லாந்தின் டேவிட்ஸ் குழு தந்த அறிக்கையைக் காட்டுங்கள். 1441-ஐ அனுமதியாகப் படிக்க முடியாது என்று அது சொல்கிறது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 412-149, அமெரிக்க செனட்டில் 77-23 என்று போருக்கு ஆதரவாக விழுந்த வாக்கு எண்ணிக்கையையும் இதற்குப் பதிலாக நீட்ட வேண்டாம். குடும்பமே ஒருமனதாகச் சம்மதித்தாலும் பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்க உரிமை வந்துவிடாது.

போர் நடத்திய விதத்துக்கு வருவோம். தொடங்கியவர் நல்லவரா கெட்டவரா என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. 2003 செப்டம்பரில் பாஸ்ராவில் ஹோட்டல் ஊழியர் ஒருவர், வயது 26, பிரிட்டிஷ் காவலில் செத்தார். உடலில் 93 காயங்கள். தலையில் சாக்குப்பை மாட்டுவது, வலிக்கிற நிலையிலேயே நிற்க வைப்பது போன்ற முறைகளை பிரிட்டன் 1972-இலேயே தடை செய்திருந்தது. அந்தத் தடை படைப்பிரிவுகள்வரை போய்ச் சேரவில்லை என்பதை 2011-இன் விசாரணை அறிக்கை சொன்னது. போர் முழுக்க முழுக்கச் சட்டப்படியே தொடங்கியிருந்தாலும் இது குற்றம்தான். அதே போல, 1988-இல் ஹலப்ஜா என்ற குர்து நகரில் ஈராக் அதிபர் சதாம் உசேன் நச்சுவாயு வீசியது கொடிய குற்றம். 15 வருடம் கழித்துப் படையெடுக்க அது அனுமதிச்சீட்டு ஆகாது.

"தடை செய்யப்பட்ட கொத்துக் குண்டு" என்று 2003 பற்றி எழுதாதீர்கள், தயவுசெய்து. பல சிறு குண்டுகளாகச் சிதறும் அந்தக் குண்டைத் தடுக்கும் உடன்படிக்கை வந்ததே 2008-இல். குடியிருப்புகள் நடுவே அதைப் போட்டதுதான் கேள்வி. எதிர்பார்த்த ராணுவப் பலனுக்கு மிஞ்சிய பாதிப்பு பொதுமக்களுக்கு வரும் என்று உத்தரவிட்டவருக்கு அப்போது தெரிந்திருந்ததா என்றுதான் சட்டம் கேட்கும்.

"அமெரிக்கா ஆறரை லட்சம் பேரைக் கொன்றது" என்ற வரி இன்னொரு தலைவலி. 2006-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு 47 இடங்களில் 1,849 வீடுகளில் கேட்டுப் போட்ட கணக்கு. 6,54,965 என்பது போர் இல்லாதிருந்தால் நேர்ந்திருக்காத எல்லா மரணங்களின் மதிப்பீடு. நோயும் அதில் சேரும். வரம்பு சுமார் 3.9 லட்சம் முதல் 9.4 லட்சம் வரை. வன்முறை மரணங்களில் கூட்டுப்படைகள் காரணம் என்று அந்த ஆய்வே சொன்னது 31 சதவீதம்தான். கிட்டத்தட்ட அதே காலத்துக்கு, 9,345 வீடுகளில் கேட்டு, உலக சுகாதார நிறுவனம் பங்கேற்ற இன்னொரு ஆய்வு வன்முறை மரணங்களை மட்டும் 1,51,000 என்றது. "ஈராக் பாடி கவுன்ட்" என்ற அமைப்பு தருவதோ, பெரும்பாலும் செய்திகளில் பதிவான பொதுமக்கள் மரணங்களின் எண்ணிக்கை. மூன்றும் மூன்று கணக்கு. எண்ணைச் சொல்லும்போது எந்தத் தேதிவரை, எந்த வகை மரணம், எண்ணியதா மதிப்பிட்டதா என்று சேர்த்தே சொல்லுங்கள். முடியாவிட்டால் எண்ணே வேண்டாம், "லட்சக்கணக்கில்" போதும்.

கடைசியில் எல்லோரும் கேட்பது: அப்படியானால் ஹேக்கில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் ஏன் யாரையும் நிறுத்தவில்லை? அமெரிக்கா, ஈராக் இரண்டுமே அந்த நீதிமன்றத்தில் உறுப்பினர் அல்ல. பிரிட்டன் உறுப்பினர், ஆனால் படையெடுப்புக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரமே அதற்கு 2018 ஜூலை 17 அன்றுதான் வந்தது, அதுவும் முன்தேதியிட்டுச் செல்லாது.