ஒரு விக்கெட்டின் விலை எத்தனை ரன்?

ஆன்லைன் கிரிக்கெட் மேனேஜர் விளையாட்டுகளில் நாம் மட்டையும் பிடிப்பதில்லை, பந்தும் வீசுவதில்லை. பெரும்பாலானவற்றில், எந்த ஓவரை யார் வீசுவது, எவ்வளவு தாக்கி வீசுவது என்று மேட்ச்சுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் ஒரு இன்னிங்ஸின் 300 பந்துகளையும் கணினியே வீசி, கணினியே அடித்து, ஸ்கோர்கார்டை நம் கையில் கொடுத்துவிடும். பேட்டிங் வரிசைக்காக மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள்கூடப் பந்துவீச்சுப் பக்கம் வந்தால் எல்லாவற்றையும் ‘நார்மல்’ என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசே ஆறுவதில்லை, ஏனென்றால் மேட்ச்சைத் திருப்புகிற கணக்கு பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் உள்ளே ஒரு பந்து எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். பேட்ஸ்மேனின் திறன், வீச்சாளரின் திறன், பிட்ச், களைப்பு, நீங்கள் கொடுத்த உத்தரவு எல்லாவற்றையும் கலந்து, இந்தப் பந்தில் எது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று நிரல் ஒரு பங்கீடு போடும். ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: நூற்றில் 3 பங்கு விக்கெட், 50 டாட் பால் (ரன்னே இல்லாத பந்து), 33 ஒரு ரன், 6 இரண்டு ரன், 7 பவுண்டரி, 1 சிக்ஸர். அடுத்து 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு தற்செயல் எண் எடுக்கப்படும். அது 0.03-க்குக் கீழே விழுந்தால் விக்கெட், அங்கிருந்து 0.53 வரை டாட், 0.86 வரை ஒரு ரன், இப்படியே மேலே போகும். 0.417 வந்தால் டாட் பால். 0.028 வந்தால் ஆள் அவுட். ‘ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே போன பந்தைத் தொட்டார், கீப்பர் பிடித்தார்’ என்கிற வர்ணனையெல்லாம் முடிவு தெரிந்த பிறகு ஒட்டப்படுவதுதான். இந்தத் தற்செயல் எண்களைத் தருவதற்கே தனி நிரல்கள் உண்டு. 1997-ல் மகோதோ மட்சுமோட்டோ, தகுஜி நிஷிமுரா என்ற இரண்டு ஜப்பானியக் கணிதவியலாளர்கள் உருவாக்கிய மெர்சென் ட்விஸ்டர் அவற்றில் புகழ்பெற்றது, பைத்தான் மொழியோடு கூடவே வருவது. அதன் எண்வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்க, 2-ஐ 19,937 முறை பெருக்கி ஒன்று கழித்தால் வருகிற அளவு எண்கள் கடக்க வேண்டும். ஆகவே ‘கேம் என் டீமைக் குறிவைத்து அடிக்கிறது’ என்ற சந்தேகத்தைத் தாராளமாக விட்டுவிடலாம்.

மேலே சொன்ன பங்கீட்டில் சராசரியாகப் பந்துக்கு 0.79 ரன் போகிறது. இப்போது அதே வீச்சாளருக்கு ‘தாக்கி வீசு’ என்று உத்தரவு கொடுக்கிறீர்கள். ஸ்லிப்பில் ஆள் நிற்கிறார், பந்து முன்னால் குத்துகிறது, விக்கெட் வாய்ப்பு 3-லிருந்து 5 ஆகிறது. ஆனால் ஆள் இல்லாத இடத்தில் பவுண்டரியும் கூடுகிறது, அதனால் பந்துக்கு 0.94 ரன் என்று வைத்துக்கொள்வோம். 50 பந்தில் ஒரு விக்கெட் அதிகம், ஏழரை ரன்னும் அதிகம். அதாவது அந்தக் கூடுதல் விக்கெட்டை நீங்கள் 7.5 ரன் கொடுத்து வாங்குகிறீர்கள். அது லாபமா நட்டமா?

இதற்கான விடை நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த, மழை வந்தால் திட்டித் தீர்க்கிற ஒரு அட்டவணையிலேயே இருக்கிறது. ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் உருவாக்கி, 1997 ஜனவரி 1 அன்று ஹராரேயில் நடந்த ஜிம்பாப்வே-இங்கிலாந்து ஆட்டத்தில் முதன்முதலாகப் பயன்பட்ட, மழையால் ஓவர் குறைந்தால் இலக்கைத் திருத்துகிற முறை அது. மீதி ஓவரும் கையில் இருக்கிற விக்கெட்டும் சேர்ந்துதான் ஒரு அணியின் சொத்து என்பது அவர்கள் பிடித்த நூல். 50 ஓவரும் 10 விக்கெட்டும் இருந்தால் சொத்து 100 சதவீதம். பழைய நிலையான அட்டவணையில் 50 ஓவர் மீதியிருக்கும்போதே 2 விக்கெட் போய்விட்டால் அது 85.1. ஒரேயடியாக 14.9 சதவீதம் காலி. 250 ரன் எடுக்கக்கூடிய அணி என்றால் சுமார் 37 ரன், விக்கெட்டுக்கு 18-க்கும் மேல். 7.5 ரன் கொடுத்து 18 ரன் பொருளை வாங்குவது நல்ல வியாபாரம்.

அதே அட்டவணையில் 10 ஓவர் மீதியிருக்கும் வரிசைக்கு வாருங்கள். விக்கெட்டே விழாமல் இருந்தால் 32.1, இரண்டு விழுந்திருந்தால் 30.8. வித்தியாசம் வெறும் 1.3 சதவீதம், விக்கெட்டுக்கு இரண்டு ரன்கூடத் தேறாது. 7.5 ரன் கொடுத்து அதை வாங்கலாமா? கூடவே கூடாது. அந்த நேரத்தில் ஆட்களை எல்லையில் நிறுத்தி ரன்னை மட்டும் அடைப்பதுதான் சரி.

ஆனால், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அதே 10 ஓவர் மீதியில் 5 விக்கெட் விழுந்திருந்தால் சொத்து 26.1, 7 விழுந்திருந்தால் 17.9. இப்போது ஒரு விக்கெட்டின் விலை 10 ரன். மறுபடி தாக்கலாம்! ‘கடைசிப் பத்து ஓவரில் தற்காப்பு’ என்று எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிற விதி பாதிதான் உண்மை. ஓவர் எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது, எத்தனை விக்கெட் விழுந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘5 விக்கெட்டுக்கு மேல் விழுந்திருந்தால் தாக்கு’ என்று நிபந்தனை உத்தரவு கொடுக்க உங்கள் விளையாட்டில் வசதி இருந்தால் அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள். (இரண்டாவது இன்னிங்ஸில் இலக்கும் சேர்ந்துகொள்ளும். பந்துக்கு ஒரு ரன்னுக்கும் குறைவாக அடித்தாலே அவர்கள் ஜெயித்துவிடுவார்கள் என்ற நிலைமையில் ரன்னை அடைத்துப் பிரயோஜனம் இல்லை, ஆட்களை அவுட் ஆக்கித்தான் தீர வேண்டும்.)

பவர்பிளே இதற்கு இன்னும் கொஞ்சம் வலு சேர்க்கிறது. ஒருநாள் ஆட்டத்தில் முதல் 10 ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்கள்தான் நிற்கலாம், 11 முதல் 40 வரை நான்கு பேர், அதற்குப் பிறகு ஐந்து பேர். வெளியே இரண்டு பேருக்கு மேல் நிறுத்த முடியாதபோது தற்காப்பு உத்தரவு கொடுத்து என்ன மிச்சமாகும்? இந்த விதியை ஒழுங்காகச் சேர்த்திருக்கிற விளையாட்டு என்றால், விக்கெட்டின் விலை உச்சத்தில் இருக்கிற அதே நேரத்தில்தான் தாக்குதலுக்கான செலவும் குறைவாக இருக்கும்.

சரி, யார் வீசுவது? ஒருவருக்கு அதிகபட்சம் 10 ஓவர், ஒரே ஆள் அடுத்தடுத்த ஓவர் வீசக்கூடாது. ஆகவே வரிசையைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுவதுதான் சுலபம். நல்ல யார்க்கர் வீச்சாளருக்கு 50, 48, 46, 44 என்று நான்கை ஒதுக்கிவிட்டால், புதுப்பந்தில் 1, 3, 5, 7, 9, 11 என்று ஆறு கொடுக்கலாம். நான் நீண்ட நாள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். சிறந்த வேகப்பந்து வீச்சாளருக்கு ஏழு ஓவரைக் கடைசிக்கென்று சேமித்து வைப்பேன். ஒரு லீக் ஆட்டத்தில் எதிரணி 39-ஆவது ஓவரிலேயே ஆல் அவுட் ஆனது, அவர் மொத்தம் வீசியது நான்கே ஓவர். ஜெயித்தோம், ஆனாலும் அந்த ஸ்கோர்கார்டு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. என் கையில் இருந்ததிலேயே உசத்தியான ஆறு ஓவர் பயன்படாமலே போயிற்று. அவை முன்னால் வந்திருந்தால் அவர்கள் 214 வரை போயிருக்க மாட்டார்கள். சேமித்த ஓவருக்கு வட்டி கிடையாது, இன்னிங்ஸ் முடிந்தால் அதுவும் முடிந்தது.

களைப்பைக் கணக்கில் எடுக்கிற விளையாட்டுகளில் வேகப்பந்து வீச்சாளரை ஐந்தாறு ஓவருக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். சுழல் வீச்சாளர்கள் தாங்குவார்கள்.

கடைசியாக, பலரும் சறுக்குகிற ஒரு இடம். உத்தரவை மாற்றிவிட்டு ஒரே மேட்ச்சைப் பார்த்து ‘இது வேலைக்கு ஆகாது’ என்று பழையபடி நார்மலுக்குப் போய்விடுகிறார்கள். முதல் 10 ஓவர் என்பது 60 பந்து. விக்கெட் வாய்ப்பு 5 சதவீதம் என்றால் சராசரியாக 3 விக்கெட் விழ வேண்டும், 3 சதவீதம் என்றால் 1.8. ஆனால் 0.95-ஐ 60 முறை பெருக்கிப் பாருங்கள், 0.046 வரும். சரியான உத்தரவு கொடுத்தும் ஏறக்குறைய 22 ஆட்டத்துக்கு ஒருமுறை பவர்பிளேயில் ஒரு விக்கெட்கூட விழாது. நார்மலில் விட்டால் 0.97-க்கு அதே கணக்குப்படி ஆறு ஆட்டத்துக்கு ஒருமுறை அப்படி ஆகும். இந்த வித்தியாசம் ஒரு மேட்ச்சில் கண்ணுக்கே தெரியாது. ஒரு நோட்டில் பவர்பிளே விக்கெட்டையும் ரன்னையும் மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள், 20 ஆட்டம் வரை உத்தரவைத் தொடாதீர்கள், அப்புறம் கூட்டிப் பாருங்கள்.