அரோமேட்டிக்: சொல் விளக்கம்

ஒரே தளத்தில் அமைந்த வளையத்தைச் சுற்றிப் பை எலக்ட்ரான்கள் (இரட்டைப் பிணைப்பின் இரண்டாம் பிணைப்பை உருவாக்கும் எலக்ட்ரான்கள்) எந்தப் பிணைப்பிலும் ஒடுங்காமல் பரவியிருப்பதால், இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு எதிர்பார்ப்பதைவிட மிகுந்த நிலைப்புத்தன்மை பெறும் சேர்மத்தையே கரிம வேதியியல் 'அரோமேட்டிக் சேர்மம்' என்கிறது. பென்சீன், டொலுவீன், நாப்தலீன், பிரிடீன் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இந்த வரையறையில் மணத்துக்கு இடமே இல்லை. ஆயினும் சொல் பிறந்தது மணத்திலிருந்துதான்.

கிரேக்கத்தில் 'அரோமா' என்பது மணமுள்ள பொருளைக் குறித்தது; இலத்தீன் வழியாக அது ஐரோப்பிய மொழிகளில் பரவியது. கசப்பு வாதுமை எண்ணெயின் பென்சால்டிஹைடு, இலவங்கப்பட்டை எண்ணெயின் சின்னமால்டிஹைடு போன்ற மணமுள்ள தாவரப் பொருள்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் கார்பனின் அளவை நோக்க ஹைட்ரஜன் குறைவாக இருப்பதைக் கண்டனர். 1855இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் பென்சாயிக் அமிலத்தோடு உறவுடைய அமிலக் குடும்பத்துக்கு 'அரோமேட்டிக்' என்னும் அடைமொழியைச் சூட்டினார். பென்சீன் என்ற பெயருக்கும் மணத்தோடு தொடர்புண்டு. மைக்கேல் ஃபாரடே 1825இல் விளக்கெரி வாயுவின் எண்ணெய்ப் படிவிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருளை, பின்னர் ஜெர்மானிய வேதியியலாளர் மிட்செர்லிக் பென்சாயிக் அமிலத்தைச் சுண்ணாம்புடன் சூடாக்கிப் பெற்றார். அந்த அமிலமோ சாம்பிராணிப் பிசினிலிருந்து கிடைத்தது. சாம்பிராணியைக் குறித்த 'லுபான் ஜாவி' என்னும் அரபுத் தொடரே திரிந்து 'பென்சாயின்' ஆகி, அதிலிருந்து பென்சீன் என்ற பெயர் வந்தது.

மணம் பின்னுக்குப் போய் நிலைப்புத்தன்மை முன்னுக்கு வந்ததற்குக் காரணம் இச்சேர்மங்களின் நடத்தை. இரட்டைப் பிணைப்புள்ள, ஆனால் அரோமேட்டிக் அல்லாத வளையஹெக்சீனுடன் புரோமின் நீரைக் குலுக்கினால், புரோமின் அந்தப் பிணைப்போடு சேர்ந்துவிடுவதால் செம்பழுப்பு நிறம் உடனே மறைகிறது. பென்சீனுடன் குலுக்கினால் நிறம் மறைவதில்லை. நீரிலிருந்து விலகி, மேலே மிதக்கும் பென்சீன் அடுக்குக்குள் இடம்பெயர்கிறது, அவ்வளவே. இரும்பு வினையூக்கியைச் சேர்த்தால் பென்சீன் தூய புரோமினுடன் வினைபுரியும். அப்போதும் ஒரு ஹைட்ரஜனை விட்டுப் புரோமினை ஏற்கும் பதிலீட்டு வினையே நிகழ்கிறது, வளையம் குலைவதில்லை. ஜெர்மானிய வேதியியலாளர் கெக்குலே 1865இல் பென்சீனுக்கு முன்வைத்த, ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் அறுகோண அமைப்பு மட்டும் இதை விளக்கப் போதவில்லை.

நிலைப்புத்தன்மையை அளவிடவும் முடியும். ஒரே இரட்டைப் பிணைப்புடைய வளையஹெக்சீன் ஹைட்ரஜனை ஏற்கும்போது மோலுக்கு ஏறக்குறைய 120 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. அத்தகைய மூன்று பிணைப்புகள் தனித்தனியே இருந்தால் 360 கிலோஜூல் வர வேண்டும். பென்சீன் தருவதோ சுமார் 208. குறைகிற ஏறத்தாழ 152 கிலோஜூலே உடனிசைவு ஆற்றல்: பென்சீன் அந்த அளவுக்குத் தாழ்ந்த ஆற்றல் நிலையில் அமைந்துள்ளது. பிணைப்பு நீளமும் இதையே காட்டுகிறது. ஒற்றைப் பிணைப்பின் 154 பிக்கோமீட்டருக்கும் இரட்டைப் பிணைப்பின் 134 பிக்கோமீட்டருக்கும் இடைப்பட்டு, பென்சீனின் ஆறு கார்பன்–கார்பன் பிணைப்புகளும் ஒரே சீராக 139 பிக்கோமீட்டர் அளவில் உள்ளன.

எல்லா வளையங்களுக்கும் இந்தப் பேறு வாய்ப்பதில்லை. எரிக் ஹக்கல் 1931இல் வகுத்த விதிப்படி, நான்கின் மடங்குடன் இரண்டைக் கூட்டக் கிடைக்கும் 2, 6, 10, 14 போன்ற எண்ணிக்கையில் பை எலக்ட்ரான்கள் இருக்க வேண்டும். நான்கே கொண்ட வளையபியூட்டாடையீன் நிலையற்றது. எட்டுக் கொண்ட வளையஆக்டாடெட்ராயீன் தட்டையாக இராமல் தொட்டி வடிவில் வளைந்துவிடுகிறது.

தமிழில் 'நறுமணச் சேர்மம்', 'அரோமேட்டிக் சேர்மம்' என இரு வழக்குகள் உள்ளன. முன்னது அழகிய மொழிபெயர்ப்பு. ஆனால் கற்பவரைத் தவறான திசைக்கு இழுக்கும். மூக்கைப் பொத்த வைக்கும் பிரிடீன் அரோமேட்டிக். நன்கு மணக்கும் கற்பூரமும் எலுமிச்சைத் தோலின் லிமோனீனும் அரோமேட்டிக் அல்ல. எனவே வேதியியல் பொருளில் 'அரோமேட்டிக் சேர்மம்', 'அரோமேட்டிக் தன்மை', 'எதிர் அரோமேட்டிக்' (எலக்ட்ரான் பரவலால் நிலைப்புக் குறையும் வளையம்) என்று எழுதுவதே தெளிவு என்பது என் கருத்து. 'நறுமணப் பொருள்' என்பதைக் கற்பூரத்துக்கும் லிமோனீனுக்கும், வாசனைக்காகவே பயன்படும் பிற பொருள்களுக்கும் விட்டுவிடலாம். பழைய நூல்களில் 'நறுமணச் சேர்மம்' எனக் கண்டால், அது வளையத்தின் நிலைப்பைச் சுட்டுகிறதா, மணத்தைச் சுட்டுகிறதா என்பதை இடம் நோக்கிப் பிரித்துக்கொள்ள வேண்டும்.